2300 மணி நேரக் கணக்கில் வராத ஒரு சனிக்கிழமை

கேள்வி: நான் தஞ்சாவூர் பக்கத்தைச் சேர்ந்தவள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் செவிலியர் பட்டப்படிப்பு முதலாம் ஆண்டு படிக்கிறேன். வரும் மே மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வகுப்பைப் பேருந்தில் லண்டனுக்கு அழைத்துச் செல்கிறார்கள். முற்பகலில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அருங்காட்சியகம் பார்க்க வேண்டும்; அதன்பின் மாலை வரை எங்கள் விருப்பம். திரும்பி வந்ததும் ஆயிரம் சொற்களில் ஒரு சுயசிந்தனைக் கட்டுரை எழுதித் தர வேண்டும். அப்பாவிடம் சொன்னபோது, "கடன் வாங்கி அனுப்பியது படிக்கவா, ஊர் சுற்றிப் பார்க்கவா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து எனக்கே உறுத்தலாக இருக்கிறது. வகுப்புத் தோழிகள் கடைவீதிக்குப் போகலாம் என்கிறார்கள். அந்த ஒரு நாளை நான் எப்படிப் பயன்படுத்துவது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது தீராமல் நீங்கள் லண்டனில் எதைப் பார்த்தாலும் மனம் ஒட்டாது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெறுவதற்குப் படிப்புக் காலத்தில் 2300 மணி நேரம் செய்முறைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது விதி என்பதும், ஒவ்வொரு ஷிப்ட்டையும் கையெழுத்து வாங்கிக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை இந்தக் கணக்கில் ஒரு மணி நேரமாகக்கூட ஏறப்போவதில்லை. இதை மறைக்காமல் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். கூடவே, பயணத்தை ஏற்பாடு செய்வது பல்கலைக்கழகம்தான், அதையொட்டி ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டியிருக்கிறது, நுழைவுக் கட்டணத்தில் மாணவர் சலுகை உண்டா என்று விசாரித்துக்கொள்கிறேன், மதியச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போகிறேன், மொத்தச் செலவு இவ்வளவுதான் என்று பைசா சுத்தமாகச் சொல்லுங்கள். கடன் வாங்கிய மனிதருக்கு, மனமாற்றம் தேவைப்படுகிறது என்ற விளக்கத்தைவிடக் கணக்குதான் ஆறுதல் தரும். என் தந்தையும் அப்படித்தான் இருந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது எனக்கும் லண்டனில் ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது. இனி எப்போது வரப்போகிறோம் என்ற ஆசையில் எட்டு இடங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அரண்மனை வாசலில் பத்து நிமிடம், பாலத்தின்மேல் ஐந்து நிமிடம் என்று ஓடினேன். மழையில் நனைந்த புதுச் செருப்பு காலைக் கடித்தது. எட்டில் ஏழு இடங்கள் இன்று புகைப்படத்தை எடுத்துப் பார்த்தால்தான் நினைவுக்கு வருகின்றன. கடைசியாகப் போன இடத்தில், இனி ஓரடி எடுத்து வைக்க முடியாது என்று உட்கார்ந்தே விட்டேன். உட்கார்ந்த இடத்துக்கு எதிரே ஒரு மர மேசையும், அதன் அடியில் மரத்தூள் நிரப்பிய பெட்டியும் இருந்தன. அந்த நாளில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்தப் பெட்டியிடமிருந்துதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே உங்களுக்கு மூன்று இடங்கள் போதும் என்பேன். மூன்றும் தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலேயே, ஒரே நடையில் அடங்கிவிடும். மூன்றும் செயின்ட் தாமஸ் என்ற ஒரே மருத்துவமனையின் இன்றைய முகவரியையும் பழைய முகவரியையும் சார்ந்தவை என்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கதை அறுபடாது.

முதலாவது, உங்கள் ஆசிரியர்கள் அழைத்துப் போகும் அருங்காட்சியகம். செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்திலேயே, வாகன நிறுத்துமிடத்தை ஒட்டிக் கீழே அது இருக்கிறது. நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி 1860-இல் இந்த மருத்துவமனையில்தான் தொடங்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் படித்துவிட வேண்டும் என்று பார்க்காமல் விளக்கைத் தேடுங்கள். ஊரில் செவிலியர் கல்லூரியில் சேர்ந்த உங்கள் தோழிகள் விளக்கேற்றும் விழாவில் கையில் ஏந்துவார்களே, அகல் போல மூக்கு நீண்ட ஒரு விளக்கு, அதைப்போல் இது இருக்காது. கிரிமியப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களை நைட்டிங்கேல் கவனித்துக்கொண்ட, துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் இரவு நேரத்தில் பயன்பட்டது துருக்கிய விளக்கு. மேலும் கீழும் உலோகத் தட்டு, நடுவில் விசிறி மடிப்பாக மடித்த துணிக்கூடு, அதற்குள் மெழுகுவர்த்தி. காற்றில் அணையாது, மடித்தும் வைக்கலாம். படம் வரைந்தவர்களும் சிலை வடித்தவர்களும் தங்களுக்குப் பழகிய கிரேக்க விளக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். உலகமெங்கும் செவிலியர் சின்னமாக அதுவே நிலைத்துவிட்டது. அந்த விழாவில் சொல்லும் உறுதிமொழியும் நைட்டிங்கேல் எழுதியதன்று. அவர் பெயரால் 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயற்றப்பட்டது. இவற்றைச் சொல்வது அந்த விழாவைக் குறைத்துப் பேசுவதற்காக இல்லை. ஒரு பொருளை நாம் நேரில் பார்க்கும்வரை, பிறர் வரைந்த படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சுட்டத்தான்.

நைட்டிங்கேல் தம் மாணவிகளிடம் எதிர்பார்த்ததும் இந்தப் பார்வைதான். எதை உற்றுநோக்க வேண்டும், எப்படி உற்றுநோக்க வேண்டும் என்று கற்றுத்தருவதே செவிலியருக்குத் தரக்கூடிய மிக முக்கியமான பாடம் என்று 1859-இல் வெளிவந்த தமது நூலில் எழுதியவர் அவர். நோயாளி நன்றாகத் தூங்கினாரா என்று கேட்டு, ஆம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு போவது கவனிப்பு ஆகாது. எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது விழித்தார், மறுபடி தூக்கம் வந்ததா என்று தெரிந்துகொள்வதுதான் கவனிப்பு. அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளின் முன் பதினைந்து நிமிடம் நின்று பழகினால், திங்கட்கிழமை வார்டில் ஒரு நோயாளியின் முன் இரண்டு நிமிடம் நிற்கும்போது உங்கள் கண் வேறு மாதிரி வேலை செய்யும். இதை நான் பல மாணவிகளிடம் கண்டிருக்கிறேன்.

நைட்டிங்கேலைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசாத ஒன்றையும் அங்கே நின்று நினைத்துப் பாருங்கள். 1854 நவம்பரில் 38 செவிலியருடன் அவர் ஸ்கூட்டாரி சேர்ந்தார். அவர் போன உடனே சாவு குறைந்துவிட்டது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். நடந்ததோ வேறு. அந்தக் குளிர்காலத்தில்தான் சாவு உச்சத்தைத் தொட்டது. 1855 பிப்ரவரியில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் வரை இறந்தார்கள். கட்டிடத்துக்கு அடியில் சாக்கடை தேங்கிக் கிடந்தது. மார்ச் மாதம் வந்த சுகாதார ஆணையம் கால்வாய்களைக் கழுவித் திறந்துவிட்டு, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகு, ஜூனுக்குள் அது நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. போர் முடிந்து லண்டன் திரும்பியபின் எண்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டபோதுதான் இதன் முழுப் பொருளும் நைட்டிங்கேலுக்கு விளங்கியது. உலகம் அவரைத் தேவதை என்று கொண்டாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், தம் சொந்த மருத்துவமனையும் உட்பட அந்தப் போரில் பிரிட்டிஷ் படையின் சாவுக் கணக்கை அவர் வட்ட வரைபடமாக வரைந்து 1858-இல் வெளியிட்டார். நீல நிறம், தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள். சிவப்பு, காயத்தால் செத்தவர்கள். கறுப்பு, பிற காரணங்கள். நீலம்தான் மற்ற இரண்டையும் விழுங்கி நிற்கும். உங்களிடம் கேட்டிருக்கும் சுயசிந்தனைக் கட்டுரைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, மருத்துவமனைத் தோட்டமும் அதன் கீழே உள்ள ஆற்றோர மதிலும். அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்ததும் தோட்டத்துக்குப் போங்கள். ஆற்றையும் எதிர்க்கரையில் நாடாளுமன்றத்தையும் பார்த்தபடி, காற்றை எதிர்த்து நடப்பதுபோல மேரி சீகோலின் வெண்கலச் சிலை நிற்கிறது. சிற்பி மார்ட்டின் ஜென்னிங்ஸ் வடித்தது. 2016 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. சீகோல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். கிரிமியப் போருக்குச் செவிலியராகப் போக விண்ணப்பித்தபோது அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்தச் செலவில் கப்பலேறிப் போய், பாலக்லாவா அருகே ஒரு விடுதி அமைத்து, உணவும் மருந்தும் கொடுத்து, போர்க்களத்துக்கே சென்று காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டார். சிலைக்குப் பின்னால் நிற்கும் பெரிய வட்டத் தகடு, கிரிமியாவில் அவர் வேலை செய்த நிலத்திலிருந்தே அச்செடுத்து வார்க்கப்பட்டது. நைட்டிங்கேலின் மருத்துவமனையில் இவருக்குச் சிலை வைக்கலாமா என்று அப்போது ஒரு வாக்குவாதமே நடந்தது. இருவரில் யார் உயர்த்தி என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் வேறு நாட்டிலிருந்து வந்து, வேறு நிறத்தோடும் வேறு உச்சரிப்போடும் ஓர் ஆங்கிலேய வார்டில் நிற்கும் உங்களுக்கு, அந்தச் சிலையின் முன் தோன்றுவது மற்ற மாணவிகளுக்குத் தோன்றுவதாக இருக்காது. அதையும் மறைக்காமல் எழுதலாம்.

தோட்டத்துக்குக் கீழே ஆற்றோர நடைபாதையில் இறங்கினால், மருத்துவமனையின் மதில் முழுவதும் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளத்துக்குச் சிவப்பு இதயங்கள் வரையப்பட்டிருக்கும். கோவிட் தொற்றில் இறந்தவர்களுக்காக, ஆளுக்கொன்றாக, அவர்களது குடும்பத்தினர் 2021 மார்ச்சில் வரையத் தொடங்கியவை. இப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. முதலில் பேனாவால் வரைந்தவை வெயிலிலும் மழையிலும் வெளிறிப்போக, தன்னார்வலர்கள் நீடித்து நிற்கும் சாயத்தால் அவற்றை மறுபடி தீட்டி வருகிறார்கள். சிலவற்றுக்குள் பெயர் இருக்கும், சிலவற்றில் ஒரு வரி, சிலவற்றில் ஒன்றும் இராது. அங்கே செல்ஃபி எடுக்காதீர்கள். யாராவது ஓர் இதயத்தின் முன் நின்றுகொண்டிருந்தால், அவர் உங்கள் படத்தின் ஓரத்தில்கூட வரக் கூடாது. மருத்துவமனை வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ், சக்கர நாற்காலியில் புகைபிடிக்க வெளியே வந்த நோயாளி ஆகியோருக்கும் இதே விதிதான். சுற்றுலா நாளிலும் நீங்கள் செவிலியர் மாணவிதான். சமூக ஊடகத்தில் போட்ட ஒரு படத்தால் விசாரணையைச் சந்தித்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. பயிற்சிச் சீருடையையும் கழுத்து அடையாள அட்டையையும் அன்று அணிய வேண்டாம். மாணவர் அட்டை மட்டும் பையில் இருக்கட்டும்.

இதற்குள் மணி ஒன்றாகியிருக்கும். கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை ஆற்றங்கரையில் ஏதேனும் ஒரு பலகையில் உட்கார்ந்து முடித்துவிட்டு, கிழக்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். ராட்சத ராட்டினம், நாடக அரங்குகள், டேட் மாடர்ன் கலைக்கூடம், பரோ சந்தை எல்லாம் வழியிலேயே வரும். நிதானமாக நடந்தால் லண்டன் பிரிட்ஜ் பகுதியை ஒரு மணி நேரத்தில் அடையலாம். கால் வலித்தால் வாட்டர்லூவிலிருந்து ஜூபிலி வழித்தடத்தில் இரண்டே நிறுத்தம். இந்த ஒரு மணி நேரத்தில் குறிப்பேட்டைப் பையை விட்டு எடுக்காதீர்கள். தோழிகளோடு பேசிக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு, வெறுமனே நடங்கள்.

மூன்றாவது, மருத்துவமனையின் பழைய முகவரி. செயின்ட் தாமஸ் முதலில் இருந்தது லண்டன் பிரிட்ஜை ஒட்டிய சதர்க் பகுதியில்தான். ரயில்பாதைக்காக இடம் எடுக்கப்பட்டதால் 1862-இல் அங்கிருந்து வெளியேறியது. ஆற்றோரப் புதுக் கட்டிடம் 1871-இல் திறக்கப்பட்டது. பழைய மருத்துவமனையில் மிஞ்சியவற்றுள் ஒன்று மாதாகோவில். அதன் கூரைக்கடியில், பரணைப் போன்ற இடத்தில், 1822-இல் அமைத்த ஓர் அறுவை அரங்கு தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்து, 1956-இல் கண்டெடுக்கப்பட்டது. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் அறுவை அரங்குகளில் மிகப் பழையது இதுதான். குறுகலான சுழல்படிகள் 52 ஏற வேண்டும். தலை சுற்றும் பழக்கமுள்ளவர்கள் கைப்பிடிக் கயிற்றை விடாமல் ஏறுவது நல்லது. எல்லா நாளும் திறந்திருக்காது என்பதால் முன்கூட்டிப் பார்த்துக்கொண்டு போங்கள்.

மேலே போனால், கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சம் விழும் சிறிய அறை. நடுவில் மர மேசை, சுற்றிலும் குதிரை லாட வடிவில் மாணவர்கள் நிற்பதற்கான மரப் படிகள், சாய்ந்துகொள்ளக் கம்பிகள். பக்கத்து வார்டிலிருந்து பெண் நோயாளிகளைக் கொண்டுவந்து இங்கே அறுப்பார்கள். எதையும் தாங்களே மறுக்கும் நிலையில் இல்லாத ஏழைப் பெண்கள் அவர்கள். மயக்க மருந்து பிரிட்டனில் பயன்பாட்டுக்கு வந்தது 1846-இன் இறுதியில். கிருமிநாசினி முறையை அறுவை மருத்துவர் லிஸ்டர் வெளியிட்டது 1867-இல். அப்படியானால் அந்த மேசையில் படுத்த பெண்கள் பல ஆண்டுக்காலம் முழு நினைவோடுதான் படுத்தார்கள். மேசைக்கடியில் நான் பார்த்த மரத்தூள் பெட்டி இரத்தத்துக்காக வைத்தது. இரத்தம் எந்தப் பக்கம் சொட்டுகிறதோ அந்தப் பக்கம் அதைக் காலாலேயே தள்ளிக்கொள்வார்களாம்.

காலால் தள்ளும் அந்தச் சின்னச் செய்கைதான் என்னை உட்கார்ந்த இடத்தில் அசையவிடாமல் செய்தது. அதைச் செய்தவர் கொடியவராக இருந்திருக்க வேண்டியதில்லை. தினமும் செய்யும் வேலையில் எவருக்கும் வருகிற கைப்பழக்கம், கால்பழக்கம்தான். நான் நோயாளியின் கட்டிலைச் சுற்றிப் பத்து மாணவிகளை நிறுத்தி, போர்வையை விலக்கி, புண்ணைக் காட்டிப் பாடம் நடத்தியவள். எத்தனை முறை அந்த நோயாளியிடம் முதலில் அனுமதி கேட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். கணக்கு எனக்குச் சாதகமாக இல்லை. ஊர் திரும்பியபின் நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: மாணவிகளை வெளியே நிறுத்திவிட்டு, முதலில் நான் தனியே உள்ளே போய், "இத்தனை பேர் பார்ப்பார்கள், சம்மதமா அம்மா?" என்று கேட்கத் தொடங்கினேன். சிலர் வேண்டாம் என்றார்கள். அதுவரை அவர்களும் வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பார்கள், கேட்பாரில்லை.

உங்கள் கட்டுரைக்கு வழியும் இதிலேயே இருக்கிறது. பேருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டது, மழை பெய்தது, அருங்காட்சியகம் அருமையாக இருந்தது என்று எழுதினால் அது பயணக் கட்டுரை. ஆயிரம் சொற்களில் எழுநூறு அதிலேயே தீர்ந்துவிடும். சுயசிந்தனைக்காகக் கல்வியாளர் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறுபடிச் சுழற்சியை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்து செய்யப்போவது. பெரும்பாலான மாணவிகள் முதல் இரண்டு படிகளில் தேங்கிவிட்டு, கடைசிப் படிக்கு "இனி கவனமாக இருப்பேன்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். நான் திருத்துபவளாக இருந்தால் அந்த வரிக்கு மதிப்பெண் தரமாட்டேன். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: மடிப்பு விளக்கோ, நீல நிறமோ, மரத்தூள் பெட்டியோ, ஓர் இதயத்துக்குள் இருந்த வரியோ. பார்ப்பதற்கு முன் அதைப் பற்றி என்ன நினைத்திருந்தீர்கள், பார்த்தபின் என்ன மாறியது, அந்த மாற்றத்தால் அடுத்த ஷிப்ட்டில் எந்தக் கட்டிலருகில் எந்தச் செயலை வேறு விதமாகச் செய்யப்போகிறீர்கள் என்பதைப் பெயர் சொல்லாமல், ஆனால் குறிப்பாக எழுதுங்கள். திரும்பும் பேருந்திலேயே பத்து வரி குறித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால் பொருள் மறைந்து, படம் மட்டும்தான் மிஞ்சும்.

கடைவீதிக்குத் தோழிகளோடு போகலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் அந்த ஏக்கம் தெரிகிறது. தாராளமாகப் போங்கள். நான்கு மணிக்குமேல் நாள் முழுவதும் உங்களுடையது. அங்கே இருக்கும்போது கட்டுரையை நினைக்க வேண்டாம். அன்றைய எல்லாப் பயணத்துக்கும் ஒரே வங்கி அட்டையைப் பயன்படுத்தினால், நாளொன்றுக்கான உச்சவரம்புக்குமேல் கட்டணம் பிடிக்கமாட்டார்கள். பழகிய செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் என் சொல்லை நம்பலாம்.

இன்னொன்று. மே மாதத்தில் அங்கே நண்பகல் பன்னிரண்டு என்றால் தஞ்சாவூரில் மாலை நாலரை. அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்ததும் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் நடுவில் நின்று அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போடுங்கள். எல்லோரும் மணிக்கூண்டைத்தான் காட்டுவார்கள். நீங்கள் கேமராவைத் திருப்பி மருத்துவமனையைக் காட்டுங்கள். மே மாத வெயிலில் காற்று வாங்கத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். அங்கே எத்தனை கட்டில் என்று அவரே கேட்பார்.